படையலுக்கு முன்

தை பிறக்கப்போகிறதென்று தெருவே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அம்சத்துக்கு மட்டும் பண்டிகை என்றாலே பயம். பண்டிகை வந்தால் பலகாரம் வரும். பலகாரம் வந்தால் இராஜாங்கத்தின் வாய் சும்மா இருக்காது. வாய் சும்மா இருக்காவிட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று நினைக்க அவளுக்குத் தெம்பில்லை, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

இராஜாங்கத்தின் அண்ணனுக்கு, அதாவது அம்சத்தின் மூத்தாருக்கு, கால் பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்புக் கடி என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது, கடைசியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் ஆள் நிற்கவில்லை. துணி மூடி வாசலில் இறக்கியபோது துணி ஒரு பக்கம் பள்ளமாகக் கிடந்ததை அம்சம் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம் அது.

இராஜாங்கத்துக்கும் அதே சர்க்கரை நோய்தான். டாக்டர் அவருக்கு நல்லதாகவே நாலு வார்த்தை சொல்லியிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடுங்க, கொஞ்சமாச் சாப்பிடுங்க, பட்டினி கிடக்காதீங்க, நடங்க, ராத்திரி நல்லாத் தூங்குங்க, எதுக்கும் பறக்காதீங்க. இதில் நடப்பதை மட்டும் இராஜாங்கம் பிடித்துக்கொண்டார். அம்சம் இனிப்பு கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் டாக்டர் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டது.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த மகள் தமிழ்நிலா, விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிவந்தாள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அது வந்த மறுநாளே வீட்டில் குருக்ஷேத்திரம். இராஜாங்கம் அக்கம்பக்கத்து வீடுகளில் அதிரசமும் சுழியமும் தின்றுவிட்டு வந்திருந்தார். கொடுத்ததை வேண்டாமென்று சொன்னால் பண்டிகை நாளில் முகம் சுண்டிப்போவார்கள் என்பது அவர் கட்சி. மெஷின் முந்நூற்றைத் தாண்டிக் காட்டியது. அம்சம் தலையில் அடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். நம்பர் இறங்குகிற வரைக்கும் சோற்றைத் தொடவில்லை. பெண்டாட்டி பட்டினி கிடக்கிற வீட்டில் எவன் நிம்மதியாகச் சாப்பிடுவான்? அதற்குப் பிறகு அதிரச வாசனை வந்தால் இராஜாங்கம் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

போகி அன்று சாயங்காலம், லீவுக்கு வந்திருந்த தமிழ்நிலாவோடு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பரங்கிக்காய், வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடந்தன. வெளியே வானம் மூட்டம் போட்டிருந்தது.

"நாளைக்கு நான் சொல்ற மாதிரி சாப்பிடுவோம்ப்பா. காய்க் குழம்பு நெறைய, வெண்பொங்கல் கொஞ்சம், சர்க்கரைப் பொங்கல் ரெண்டே ஸ்பூன்" என்றாள் தமிழ்நிலா.

"ஸ்பூனும் கெடையாது, கரண்டியும் கெடையாது" என்றாள் அம்சம்.

"சூரியனுக்குப் படைச்சத வேணாங்கக் கூடாது அம்சம்."

"சூரியன் வந்து உங்க காலப் பாத்துக்கிடுமா?"

இராஜாங்கம் மொச்சையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "வருசம் பூராவும் சேத்துல நின்னு வெளைய வச்சவன் நான். என் நெல்லுல ஒரு வாய் எனக்கு இல்லையா?"

அம்சம் இன்னொரு மொச்சையை எடுத்து உரித்தாள். அவர்களுடைய அப்பா அம்மாவெல்லாம் பண்ணையில் நாற்று நட்டு, அறுத்து, கூலி நெல்லை வாங்கிவந்து பொங்கியவர்கள். இராஜாங்கம் காலத்தில்தான் பட்டாவில் இவர்கள் பெயர் ஏறியது. தன் வயலில் விளைந்த அரிசியில் பொங்கும்போது அந்த மனுஷன் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு உருண்டை. நெல்லிக்கா அளவு. அதுக்கு மேல கேட்டா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"போதும் தாயே" என்று கும்பிட்டார். தமிழ்நிலா சிரித்தாள். அம்சம் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் காலையில் மெஷின் என்ன காட்டப்போகிறதோ என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

இராத்திரி மழை விட்டு விட்டுப் பெய்தது. சம்பா முற்றி நிற்கிற நேரத்தில் பெய்கிற மழைக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. கதிர் கனம் தாங்காமல் சாயும், சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் முளை கட்டிவிடும். விடிந்ததும் இராஜாங்கம் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"லீவு நாள்ல ஒரு எடமா உக்காருங்கப்பா" என்றாள் தமிழ்நிலா.

"பயிருக்கு ஏது ஆயி லீவு? வடிகால வெட்டி விட்டுட்டு வந்துர்றேன். அறுப்புக்குப் பெல்ட் வண்டி நாளன்னைக்கு வருதுன்னு சித்தீக் தம்பி சொல்லியிருக்கு. தண்ணி நின்னா வண்டி எறங்காது."

"நேரத்துக்கு வந்துருங்க. பத்தரைக்கு மேலதான் பொங்க வைக்க நல்ல நேரம்" என்று அம்சம் வாசலில் கோலத்துக்குக் காவி இட்டுக்கொண்டே சொன்னாள். "மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த வீட்டில் படைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. இராஜாங்கத்தின் தாய் காலத்திலிருந்து அப்படித்தான். மாத்திரைக்கு மட்டும் விலக்கு. அது மருந்து, சாப்பாடு இல்லை. மாத்திரை போட்டாச்சா என்று தவறாமல் கேட்டவளுக்கு, போட்ட மாத்திரைக்கு உள்ளே வேலை செய்ய ஏதாவது கிடக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று பேரும் வெறும் வயிறு. பண்டிகை என்றால் அப்படித்தானே.

கோலம் முடிந்து, செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, பானைக்கு மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி ஏற்றியபோது வெயில் தலை காட்டியது. அடுத்த வீட்டு மேகலாவும் அவள் வாசலில் பானை ஏற்றியிருந்தாள். இரண்டு அடுப்புப் புகையும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணைக் கரித்தது. தெருவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். எல்லா வீட்டு வாசலிலும் ஆண்கள் குளித்து வேட்டி கட்டி நின்றார்கள். அம்சத்தின் வாசலில்தான் ஆண் துணை இல்லை.

"எங்கடி உங்கப்பா?"

"போன் அடிக்குதும்மா, எடுக்கல."

"சேத்துக் கையோட எப்புடி எடுப்பாரு" என்று அம்சம் சொன்னாள். சொன்னது மகளுக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. மண்வெட்டியைத் தொட்டால் மனுஷனுக்கு நேரம் தெரியாது. இருந்தாலும் பொங்கல் பானைக்கு வராமல் இருந்தவர் இல்லை. பாலும் தண்ணீரும் சூடேறி ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. அவள் பானையைப் பார்ப்பதும் தெருக்கோடியைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

தெருக்கோடியில் வந்தது மேகலாவின் புருஷன். மாவிலைக் கொத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, அண்ணன் இன்னிக்குக் காலையிலேயே கடையத் தெறந்துட்டாரு போல? வாய்க்கா மேட்டுல ஆடிக்கிட்டு நிக்கிறாரு. கூப்புட்டா என்னையே திட்டுறாரு. பண்டிகைன்னா எல்லாருக்கும் ஒரு ஆசைதான்."

மேகலாவும் சிரித்தாள். அம்சம் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இராஜாங்கம் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. குடிக்காத மனுஷன் ஆடுகிறார் என்றால் அது குடியால் வந்த ஆட்டம் இல்லை. 

"நிலா, வாடி!"

"அம்மா, பானை..."

ஏற்றின பானையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பொங்கி வழிகிறவரை பக்கத்தில் இருக்க வேண்டும். விட்டுப் போனால் குடும்பத்துக்கு ஆகாது, புருஷனுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி அம்சத்தை வளர்த்திருந்தார்கள்.  எழுந்து போனால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம், போகாவிட்டால் ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். பிறகு அகப்பையை மேகலாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டு வந்தீங்களே, கையப் புடிச்சுக் கூட்டியார வேண்டியதுதானே" என்று மேகலா புருஷனைத் திட்டுவது பின்னால் கேட்டது.

மழையில் வரப்பெல்லாம் வழுக்கியது. புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியவள் ஒரு தடவை விழுந்து எழுந்தாள். அவளுடைய மனம் அவளுக்கு முன்னால் ஓடியது. எங்கேயோ தின்றுவிட்டார். இரவில் எழுந்து வெல்லத்தை எடுத்துத் தின்றிருப்பார். ஏறிப்போய்விட்டது, மண்டைக்கு ஏறிவிட்டது, மூத்தாருக்குக் கால் போனது, இவருக்கு மூளை போகப்போகிறது.

இராஜாங்கம் வாய்க்கால் மேட்டில் இல்லை. வடிகால் மடையில், இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி தனியாகக் கிடந்தது. வெட்டின இடத்தையே கையால் மண் அள்ளிப் போட்டு மறுபடியும் அடைத்துவைத்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழை எப்போதோ நின்றுவிட்டது; அத்தனையும் வியர்வை.

"ஏங்க... ஏங்க, என்ன பண்ணுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் அவள் மேல்தான் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை.

"யாரு நீ?" என்றார். நாக்கு குழறியது. "போ. எங்க வயலு இது. போடி."

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் அவளைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. ஏழ்மையில் கேட்டதில்லை, காய்ச்சலில் கேட்டதில்லை. அம்சத்தின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. தமிழ்நிலா மடையில் இறங்கி அவர் தோளைப் பிடித்தாள். அவர் அவளையும் தள்ளினார். தள்ளுகிற கையில் பலமே இல்லை, வெடவெடவென்று நடுங்கியது.

"அம்மா, எனக்கு லோ சுகர் மாதிரி தெரியுது. சர்க்கரை கொறைஞ்சாதான் இப்புடி வேர்க்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? இனிப்பு எதாவது குடுக்கணும்."

"வாயக் கழுவுடி! இனிப்பக் குடுத்து ஒரேயடியாக் கொல்லச் சொல்றியா?"

"கூடியிருந்தா இப்புடி..." என்று ஆரம்பித்த தமிழ்நிலா நிறுத்திவிட்டாள். அவளுக்கும் நிச்சயமில்லை. அவள் டாக்டருக்குப் படித்தவளா என்ன, கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். மெஷின் வீட்டில் இருந்தது. போனை எடுத்து நூற்றியெட்டு ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

எதிர்முனையில் ஒரு பெண் பதறாமல் கேள்வி கேட்டாள். சுகர் பேஷண்டா, என்ன சாப்பிட்டாரு, மாத்திரை போட்டாரா?

"ஒண்ணும் சாப்பிடலங்க. பொங்கல் படைக்கலையே இன்னும். மாத்திரை மட்டும் போட்டாரு" என்றாள் தமிழ்நிலா.

"கூப்புட்டா கண்ணு தெறக்குறாரா? எச்சி முழுங்குறாரா? அப்பன்னா உடனே இனிப்பு குடுங்க. ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சங்கொஞ்சமா, முழுங்குனாரான்னு பாத்துப் பாத்துக் குடுங்க. வண்டி வருது."

"குடுத்துக் கூடிப்போச்சுன்னா?" என்று அம்சம் போனைப் பார்த்துக் கத்தினாள்.

"கூடியிருந்தா இந்தக் கொஞ்சத்துனால ஒண்ணும் ஆயிடாதும்மா. கொறைஞ்சிருந்து குடுக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. குடுங்க."

குடுங்க என்றால் எதை? சுற்றிலும் சாய்ந்த நெல்லும் சேறும்தான். தமிழ்நிலா வீட்டுக்கு ஓட எழுந்தாள். அந்த நேரம்தான் வாய்க்கால் கரையில் ஒரு பைக் வந்தது. சித்தீக். குடவாசலில் அறுவடை மெஷின் பிடித்துக் கொடுக்கிற தரகர், இராஜாங்கத்துக்குத் தம்பி மாதிரி. இராத்திரி மழைக்குப் பிறகு வண்டி என்றைக்கு இறங்கும் என்று சொல்ல வந்தவர். வழியில் பார்த்த சம்சாரிகளெல்லாம் பண்டிகை மரியாதைக்குக் கொடுத்த கரும்பு, தோகையோடு பைக்கின் பக்கவாட்டில் கட்டியிருந்தது.

"என்னக்கா? அண்ணனுக்கு என்ன?"

அம்சம் பதில் சொல்லவில்லை. கரையேறிப் போய் ஒரு கரும்பைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழவில்லை. பலம்கொண்ட மட்டும் உருவி முழங்காலில் வைத்து முறித்தாள். படையலுக்கு முன்னால் கரும்பைக் கடிக்கக் கூடாது, காலையிலிருந்து வாயில் தண்ணீர்கூடப் படவில்லை, எதுவும் அவளுக்கு நினைவில்லை. பல்லால் தோலை உரித்துத் துப்பினாள். கணுவுக்கு நடுவில் கடித்து மென்றாள். ஈறு கிழிந்து உப்புக் கரித்தது. சாற்றை உள்ளங்கையில் உமிழ்ந்து, அவர் தலையை மடியில் ஒருக்களித்து வைத்து, விரலால் தொட்டு உதட்டுக்குள் தடவினாள்.

அவர் முகத்தைத் திருப்பினார். விரலைக் கடித்தார். அம்சம் விரலை எடுக்கவில்லை.

"முழுங்குங்க. சாமி, முழுங்குங்க."

ஒரு துண்டு வெல்லத்தைக்கூட அவர் வாயிலிருந்து பிடுங்குகிற கை அது. அதே கை சாற்றைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவளுக்கு உயிர் போனது. இது தப்பாக இருந்தால் தானே கொன்றவள் ஆவாள். தொண்டை அசைந்தது. மறுபடியும் மென்றாள், மறுபடியும் உமிழ்ந்தாள். சித்தீக் இன்னொரு கரும்பைத் தோல் சீவி நீட்டிக்கொண்டே இருந்தார். தெருப் பக்கமிருந்து பொங்கலோ பொங்கல் என்று கூச்சல் கேட்டது. யார் வீட்டுப் பானையோ.

வெகுநேரம் ஆனது போலிருந்தது. அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. இராஜாங்கத்தின் நடுக்கம் தணிந்தது. அவர் வயலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அப்புறம் மேலே பார்த்தார்.

"அம்சம்... ஏன் அழுவுற?"

அவள் அவர் தலையை அப்படியே மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள். மகள் பார்க்கிறாள், அந்நிய ஆண் நிற்கிறார் என்ற கூச்சமெல்லாம் அவளிடம் இல்லை.

ஆம்புலன்ஸ் வயல் வரைக்கும் வராது. சித்தீக் பைக்கில் இராஜாங்கத்தை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அம்சம் அணைத்துப் பிடித்துக்கொள்ள, தமிழ்நிலா கூடவே ஓடிவர, மெயின்ரோட்டில் கொண்டுபோய் ஏற்றினார்கள். குடவாசல் ஆஸ்பத்திரியில் இருந்தது சுடர்விழி என்ற இளம் டாக்டர். பண்டிகை டியூட்டி. விரலில் குத்திப் பார்த்துவிட்டு அம்சத்தைப் பார்த்தாள்.

"கரும்புச் சாறு குடுத்ததுக்கு அப்பறமும் இவ்ளோ கம்மியா இருக்கு. குடுக்காம இருந்திருந்தா..." என்றவள் மிச்சத்தைச் சொல்லாமல் டிரிப் ஏற்றச் சொன்னாள்.

டிரிப் ஏறியதும் இராஜாங்கம் தெளிவாகப் பேசினார். மேகலா புருஷன் தன்னைக் குடிகாரன் என்று நினைத்ததைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வடிகால் தொறந்தேனா, அடைச்சேனா? ஞாபகமே இல்ல ஆயி" என்று மகளிடம் கேட்டார். சித்தீக் மடையை வெட்டிவிடத் திரும்பிப் போனார். அம்சத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைக்கவில்லை. மத்தியானம் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. நர்ஸ் ஓடிவந்து குத்திப் பார்த்தால் மறுபடியும் இறங்கியிருந்தது.

மறுபடியும் மருந்து ஏற்றினார்கள். மறுபடியும் கண் விழித்தார். ஆனால் அம்சம் இப்போது நம்பவில்லை. அவர் நன்றாக இருக்கும்போதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

"அந்த மாத்திரையோட வேகம் இன்னிக்குப் பூரா உடம்புல இருக்கும். அது சரிதான்" என்றாள் டாக்டர். "ஆனா ஒரு மாத்திரைக்கு இவ்ளோ எறங்கக் கூடாதே. ஐயா, காலையில எத்தனை போட்டீங்க?"

"எப்பவும் போடுறதுதான்."

"ஒண்ணா?"

இராஜாங்கத்தின் கண் அம்சத்தின் பக்கம் போய்த் திரும்பியது. "ஒண்ணுதான்."

"சரியாச் சொன்னாத்தான் எவ்ளோ நேரம் டிரிப் போடணும், தஞ்சாவூருக்கு அனுப்பணுமான்னு நான் முடிவு பண்ண முடியும். தூக்கத்துல எறங்கிச்சுன்னா எழுப்பவே முடியாது."

"ஒண்ணுதாங்க."

அவர் பொய் சொல்கிறார் என்று அம்சத்துக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவக்கும். உயிர் போகிற இடத்தில் இந்த மனுஷன் ஏன் பொய் சொல்கிறார்? யாருக்குப் பயந்து? அந்தக் கேள்வி எழுந்ததும் பதிலும் கூடவே வந்துவிட்டது. அறையில் அவர் பயப்படுகிற ஆள் ஒருத்திதான்.

"வெளில போயி முகம் கழுவிட்டு வர்றேன்" என்று அம்சம் எழுந்தாள்.

எழுந்தவள் முகம் கழுவப் போகவில்லை. பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"ரெண்டு போட்டேன் டாக்டர்."

"ஏன்?"

"இன்னிக்கு சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய் திம்பேன்ல, அதுக்கு ஒண்ணு சேத்துப் போட்டா நாளைக்கு நம்பர் கூடாதுன்னு... முன்கூட்டியே போட்டுட்டேன். நம்பர் கூடுச்சுன்னா அவ சோறு திங்க மாட்டா. மூலையில உக்காந்துருவா. தீபாவளிக்கு அப்புடித்தான். அவ பயந்து சாவுறத என்னால பாக்க முடியல. அவளுக்குத் தெரிய வேணாம்."

"நோயாளி நீங்கதானே? உங்களுக்குப் பயமில்லையா?"

 தமிழ்நிலா அப்பா என்று மெல்லக் கூப்பிடுவது கேட்டது.

"எங்க அண்ணனுக்குக் கால எடுத்தாங்க. எடுத்தத ஒரு பையில கட்டி, பொதைக்கிறதுக்குன்னு என் கையிலதான் குடுத்தாங்க. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல ஒரு பொம்பள, காய்கறியான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். ஆத்தங்கரையில நான் ஒருத்தனாப் பொதைச்சேன். அவகிட்ட இன்னிவரைக்கும் சொல்லல. காலையில ஒவ்வொரு நாளும் நடக்கப் போறேனே, அது நடையா டாக்டர்? கால் இருக்கான்னு பாத்துக்கிறது. பயமாத்தான் இருக்கு."

அம்சம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மூலையில் உட்கார்ந்து அழுதது அவள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஊர் வந்து சேர்ந்தவர் அவர். தன் பயம்தான் பெரிய பயம் என்று இத்தனை நாளும் அதைப் பரப்பி வைத்து வீட்டில் இன்னொருவருக்கு இடமில்லாமல் செய்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. உள்ளே டாக்டர் கண்டித்தாள், பிறகு பொறுமையாகச் சொன்னாள். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடவில்லை என்றால் மாத்திரை இல்லை. விருந்துக்கென்று முன்கூட்டிப் போடுகிற மாத்திரை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இன்று முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தூங்கினாலும் எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு எங்கே போவது? பொங்கல் அன்றைக்குக் குடவாசலில் ஒரு ஓட்டல் திறந்திருக்கவில்லை. தமிழ்நிலா கடைத்தெரு முழுக்க நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். சித்தீக்குக்குப் போன் போனது. சாயங்காலம் அவருடைய பெண்டாட்டி அனீஸா தூக்கு ஒன்றோடு வந்தாள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும்.

"பால்ல சர்க்கரை போட்டிருக்கேன்க்கா. டாக்டர்கிட்டக் கேட்டுத்தான் போட்டேன்" என்று பயந்து பயந்து சொன்னாள். அம்சத்தின் கெடுபிடி குடவாசல் வரைக்கும் தெரிந்திருந்தது.

"நல்லதாப் போச்சும்மா."

அனீஸா போன பிறகு அம்சம் தட்டில் இடியாப்பத்தைப் பிசைந்தாள். பால் ஊறி மெத்தென்று ஆனது. இராஜாங்கம் தட்டைப் பார்த்தார். வாசனை மூக்கில் ஏறியிருக்கும். இருந்தும் அவர் கை நீளவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார், நம்பர் பார்க்கிற நாளில் பார்ப்பது போல.

"சர்க்கரை போட்டிருக்குதே" என்றார்.

"ம்."

"அழுதியா? கண்ணு வீங்கியிருக்கு."

"ம்."

ஒரு வாய் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.   அவர் வாயை மூடியபடியே இருந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அம்சம். "வாயத் தொறங்க."

இராஜாங்கம் பச்சைத் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தார்.